நல்லூர்ப் பக்கம் புதுசா வந்த தாய்லாந்துக் கடை: சாப்பாடு பரவாயில்லை, மெனுவில எழுதினது பொய்

போன சனிக்கிழமை நானும் மச்சானும் போனனாங்கள். கடைப் பேர் போடேல்ல, பிறகு முதலாளி போன் எடுத்துச் சண்டைக்கு வருவார். பாட் தாய் எண்ட அரிசி நூடில்ஸ் பிரட்டல் ஒரு பிளேட் 1800 ரூபா. புளிப்பும் இனிப்பும் அந்த மாதிரி, எங்கட பழப்புளிதான் எண்டு நாக்கே சொல்லுது, கச்சானை வறுத்து இடிச்சு மேல தூவி தேசிக்காய்ப் பாதியும் வச்சவை, றால் எண்டா நாலே நாலு. ஆனா நூடில்ஸ் குழைஞ்சு போச்சு. அரிசி நூடில்ஸை ஊற வச்சுப் பிரட்டோணும், இவையள் நல்லா அவிச்சுப்போட்டு இடியப்பக் கொத்து மாதிரி கொத்தியும் விட்டிட்டினம்.

எனக்குக் கடுப்பு வந்தது மெனுவைப் பாத்துத்தான். பாட் தாய்க்கு 'ஆயிரம் வருசத்து அரண்மனை உணவு' எண்டு போட்டிருக்கு. அரண்மனையாம்! இது பேமஸாகி நூறு வருசமே ஆகேல்ல, அதுவும் 1932ல ராசாவின்ட அதிகாரத்தைப் பிடுங்கின கூட்டத்தில இருந்த ஆமிக்காரன் பிபுன்சொங்க்ராம் பரப்பின சாப்பாடு. 1938 கடைசியில பிரதமரா வந்தவர், அடுத்த வருசமே சயாம் எண்ட பேரைத் தாய்லாந்து எண்டு மாத்தி, நூடில்ஸ் சாப்பிடுங்கோ எண்டு அரசாங்கத்தை வச்சே பிரச்சாரமும் செய்தவர். பகிடி என்னெண்டா சீனக் கடையளுக்கும் சீனப் பள்ளிக்கூடங்களுக்கும் நெருக்கடி குடுத்த அதே ஆள்தான் சீனாக்காரரின்ட நூடில்ஸுக்குத் தாய் எண்டு பேர் ஒட்டி விட்டது. வெளியில வெளிக்கிட்டா தொப்பி போடு, வெத்திலை போடாத எண்டெல்லாம் சட்டம். எங்கட அம்மம்மா அங்க பிறந்திருந்தா முதல் கிழமையே மறியல்தான். இதில கடைக்காரர் பில்லோட பீடா ஒண்டு வேற தந்தவை!

மனுசன்ட மிச்சக் கதை இன்னும் மோசம், 1941 டிசம்பரில ஜப்பான் ஆமி உள்ள வர அவையளோட சேந்து, 1942ல அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் எதிரா யுத்தப் பிரகடனம் செய்து, 1944ல கதிரை போய், 1948ல திரும்ப வந்து, 1951ல ஒரு விழாவில வச்சு நேவிக்காரர் ஆளைத் தூக்கிக்கொண்டு போய்க் கப்பல்ல அடைக்க, பிரதமர் உள்ள இருக்கிறார் எண்டு தெரிஞ்சும் விமானப்படை அந்தக் கப்பலுக்குக் குண்டு போட, ஆள் தண்ணிக்குள்ள குதிச்சு நீந்திக் கரைக்கு வந்திட்டார். கடைசியா 1957ல சரித் எண்ட இன்னொரு ஜெனரல் கலைச்சு விட, 1964ல ஜப்பானில செத்தவர். இவ்வளவையும் மச்சானுக்குச் சொல்லி முடிக்க என்ட பிளேட் ஆறிப் போச்சு, அதுக்குக் கடையைக் குறை சொல்லேலாது.

சேர்விஸ் மெதுவு, ஓடர் குடுத்து 40 நிமிசம். பெடியள் மரியாதையா கதைக்கிறாங்கள், ஏசி வேலை செய்யுது. அஞ்சுக்கு மூண்டு போடுவன்.

வெள்ளிக்கிழமை, விரத நாள் எண்டா அந்தப் பக்கம் போகாதேங்கோ. மரக்கறிப் பாட் தாய் எண்டு தனிய ஒண்டு இருக்கு, ஆனா கேட்டனான், அதுக்கும் மீன் சோஸ்தான் விடுறவையாம்.