நாய்க்குச் சோறும் கறியுமா, பாக்கெட் தீனியா?

எலும்பு நீக்கிய கோழிக்கறி, கொஞ்சம் ஈரல் சேர்த்து வேகவைத்த சோறு, நாய் தட்டை நக்கியே சுத்தமாக்கிவிடும், செலவும் பெரும்பாலும் கைக்குள் அடங்கும். ஆனால் தினமும் அது மட்டும்தான் என்றால் கால்சியம் போதாது, வளரும் குட்டிக்குக் கால் எலும்பே வளையலாம். வெங்காயம், பூண்டு போட்ட குழம்பை ஊற்றவே ஊற்றாதீர்கள், வெந்த எலும்பும் வேண்டாம், அது சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

பாக்கெட்டில் 'முழுமையான, சமச்சீர் உணவு' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அப்புறம் புரதம்: அமெரிக்காவில் விலங்குத் தீனிக்குச் சத்து அளவு வகுக்கும் ஏஏஎஃப்சிஓ அமைப்பின் கணக்குப்படி, ஈரம் கழித்த கணக்கில் வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 சதவீதம், குட்டிக்கு 22.5. கிலோ விலையைப் பார்க்காதீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை கிராம் போட வேண்டும் என்று பார்த்துக் கணக்குப் போடுங்கள், மலிவான மூட்டை சீக்கிரம் தீர்ந்தால் என்ன லாபம்? குட்டிக்கு நான் பாக்கெட்டைத்தான் சொல்வேன்.