கார் ஏசி கம்ப்ரஸர்: வீட்டிலேயே மாற்றுவதா, ஒர்க்‌ஷாப்பில் விடுவதா, வேலையைப் பங்கு போடுவதா?

கம்ப்ரஸரைக் கழற்றி மாட்டுவது பெரிய வித்தை இல்லை. பெல்ட்டைக் கழற்ற வேண்டும், ஒயர் சாக்கெட்டை எடுக்க வேண்டும், பிறகு இரண்டு குழாய்கள், தாங்கி நிற்கும் மூன்று நான்கு போல்ட்டுகள். ஆல்டர்னேட்டர் மாற்றிப் பழகிய கைக்கு இது புதிதல்ல. சிக்கலெல்லாம் அந்தக் குழாய்களுக்குள்தான்: அழுத்தத்தில் நிற்கும் குளிரூட்டும் கேஸ், அதோடு சேர்ந்து ஓடும் ஆயில், துளி ஈரமும் புகக்கூடாத மூடிய சுற்று.

முதலில், கம்ப்ரஸர்தான் போய்விட்டதா என்று பாருங்கள். கேஸ் குறைந்தாலே பிரஷர் சுவிட்ச், கம்ப்ரஸரைப் புல்லியோடு இணைக்கும் கிளட்சைப் பிடிக்க விடாது. ஃபியூஸ், ரிலே போயிருந்தாலும் அதே கதை. கிளட்ச் காயிலை மல்டிமீட்டரில் வைத்தால் பல கார்களில் 3 முதல் 5 ஓம் காட்டும். முள் அசையவே இல்லையென்றால் காயில் அறுந்திருக்கிறது. ஏசியை அணைத்த பிறகும் இரைச்சல் வந்தால் புல்லி பேரிங்கைச் சந்தேகிக்கலாம். காயில், பேரிங், கிளட்ச் மூன்றையும் பல வண்டிகளில் கேஸைத் தொடாமலே மாற்றிவிடலாம். தயங்காமல் வீட்டில் செய்யுங்கள் என்று நான் சொல்வது இந்த வேலையை மட்டும்தான்.

கம்ப்ரஸரையே மாற்றியாக வேண்டும் என்றால், முழுவதையும் வீட்டில் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உள்ளே மிச்சமிருக்கும் கேஸை என்ன செய்வது? பல கார் ஏசிகளில் இருக்கும் ஆர்-134ஏ கேஸ் கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்கும். காற்றில் திறந்துவிடுவது பல நாடுகளில் சட்டப்படி குற்றம். அது மைனஸ் 26 டிகிரி செல்சியஸில் கொதிப்பது. கண்ணிலோ கையிலோ பீய்ச்சினால் தசை உறைந்துவிடும். புது வண்டிகளில் வரும் ஆர்-1234ஒய்எஃப் லேசாகத் தீப்பற்றவும் கூடியது. ஹைப்ரிட், மின்சாரக் கார் என்றால் பேச்சே வேண்டாம். அங்கே பெரும்பாலும் கம்ப்ரஸர் ஓடுவது உயர் மின்னழுத்தத்தில்.

கேஸ் ஏற்கெனவே முழுதாகக் கசிந்துபோயிருந்தாலும் வேலை குறையாது. உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சும் வேக்கம் பம்ப், அழுத்தம் காட்டும் கேஜ் செட், எடை பார்க்கும் தராசு மூன்றும் வேண்டும். பம்ப்பை அரை மணி, முக்கால் மணி நேரம் ஓடவிடுவது காற்றை எடுக்க மட்டுமல்ல. அழுத்தம் போதுமான அளவு இறங்கினால் உள்ளே ஒட்டியிருக்கும் ஈரம் அறை வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியேறும். தங்கிவிட்ட ஈரம், கேஸின் அழுத்தத்தைக் குறைத்துக் குளிரவைக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனியாக அடைக்கும். ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். கேஸையும் கேஜில் முள்ளைப் பார்த்துக் குத்துமதிப்பாக ஏற்றக்கூடாது. பானட்டின் கீழே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று இருக்கும். அந்த எடைதான் கணக்கு.

ஒர்க்‌ஷாப்பில் இதையெல்லாம் மெஷின் பார்த்துக்கொள்ளும். மெஷின் பார்க்காத வேலை ஒன்று உண்டு: சுத்தம். பழைய கம்ப்ரஸர் உள்ளுக்குள் தேய்ந்து செத்திருந்தால் உலோகத் துகள் சுற்று முழுக்கப் பரவியிருக்கும். ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் மாற்றாமல் கம்ப்ரஸரை மட்டும் மாட்டி அனுப்பினால், அந்தத் துகளே புதியதையும் தின்றுவிடும். இது என் வண்டியிலேயே நடந்தது. இரண்டாவது கம்ப்ரஸருக்கும் பணம் கட்டிய பிறகுதான் டிரையர் என்ற பொருளையே தெரிந்துகொண்டேன். கழற்றிய பாகங்களைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். வால்வின் வாயில் கறுப்புச் சேறு இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

அதனால்தான் என் ஓட்டு பங்கு போடும் வழிக்கு. ஒர்க்‌ஷாப்பில் கேஸை எடுத்துவிட்டு வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, கம்ப்ரஸர், டிரையர், வால்வு, குழாய் இணைப்பில் கசிவைத் தடுக்கும் ஓ-ரிங்குகளை நாமே மாற்றி, வேக்கத்துக்கும் கேஸுக்கும் திரும்ப அங்கேயே போவது. அவசரமில்லாத கைதான் ஆயிலைச் சரியாக அளக்கும். பழைய கம்ப்ரஸரில் இருந்ததை அளவுக் குவளையில் வடித்துப் பார்க்க வேண்டும். புதியது சிலசமயம் சுற்று முழுவதற்குமான ஆயிலோடு வரும், சிலசமயம் காலியாகவே வரும். ஏசி ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் பிஏஜி 46, 100, 150 என்ற எண்களையும் மாற்றிப் போடக்கூடாது. குழாய் வாய்களை உடனே மூடுங்கள். டிரையரின் மூடியைக் கடைசியில்தான் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றின் ஈரத்தை அங்கேயே குடித்துத் தீர்த்துவிடும். கம்ப்ரஸரை ஓடவிடுவதற்கு முன் அதன் முன்தட்டைக் கையால் பத்துத் தடவை சுற்றுங்கள். உள்ளே தேங்கிய ஆயில் ஒதுங்கும்.

இந்த வழியிலும் முள் உண்டு. பிறர் மாட்டிய பாகத்துக்குச் சில ஒர்க்‌ஷாப்புகள் கேஸ் ஏற்ற மறுக்கும். முதல் நாளே பேசிவிடுங்கள். கிளட்ச் இல்லாத வகைக் கம்ப்ரஸர் எஞ்சினோடு எப்போதும் சுற்றும், ஆகவே கேஸ் இல்லாமல் ஓட்டலாமா என்று சர்வீஸ் கையேட்டைப் பார்த்த பிறகே வண்டியை எடுங்கள்.

கம்ப்ரஸரில் புதியது, புதுப்பித்தது, பழைய வண்டியில் கழற்றியது என்று மூன்று கிடைக்கும். கழற்றியதை நான் தொடமாட்டேன். எத்தனை நாள் வாய் திறந்து கிடந்ததோ யாருக்கும் தெரியாது. புதுப்பித்ததை வாரண்டி இருந்தால் மட்டும் வாங்கலாம். டிரையரை மாற்றிய பில் இல்லாமல் பல வாரண்டிகள் செல்லாது.

கழற்றும்போது உலோகத் துகள் மினுங்கினால் மட்டும் என் ஓட்டு மாறும். வண்டியின் முன்பக்கத்தில் கேஸின் சூட்டை வெளியேற்றும் இன்றைய கண்டென்சர்களின் மெல்லிய குழல்களைக் கழுவிச் சுத்தம் செய்ய முடியாது; அதையும் மாற்றியாக வேண்டும். அந்த நிலையில் முன்பக்கத்தையே பிரிக்க வேண்டி வரலாம், நல்ல ஒர்க்‌ஷாப்பிடம் முழுதாக ஒப்படைத்துவிடுங்கள்.