உட்கார்ந்து ஆடினால் உயரமா, நின்று ஆடினால் உயரமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானுக்குப் (குடியிருப்புப் பகுதிக்கு) பின்னால் வாய்க்காலைத் தாண்டினால், பழைய தோட்டத்து லயங்கள் இருந்த இடம் வரும். வீடுகள் போய்விட்டன. அங்கே நின்ற மாமரம் மட்டும் இருக்கிறது, சுற்றிலும் செம்பனை. செம்பனையில் ஊஞ்சல் கட்டக் கிளை ஏது? பால்மரம் (ரப்பர்) இருந்த காலத்திலும் அதில் யாரும் கட்டமாட்டார்கள், கிளை சட்டென்று முறிந்துவிடும். அதனால் எங்கள் தலைமுறைக்கும் அந்த மாமரம்தான், இப்போதைய பிள்ளைகளுக்கும் அதுதான்.

போன பள்ளி விடுமுறையில் அக்கா பிள்ளைகளுக்கு அதில் கயிறும் பலகையும் கட்டிக் கொடுத்தேன். அன்றைக்கே சண்டை. நின்று ஆடினால்தான் உயரம் போகும் என்று 12 வயது அண்ணன் அடித்துச் சொல்கிறான். 9 வயதுத் தங்கையோ, "மாமா, அவன் சொல்றதைக் கேக்காதீங்க, நின்னா ஊஞ்சல் நகரவே மாட்டேங்குது" என்கிறாள். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. அதுதான் என்னை இதை எழுத வைத்தது.

தங்கையின் முறையை முதலில் பார்ப்போம். ஊஞ்சல் பின்கோடியில் ஒரு கணம் நிற்கும்போது அவள் கயிற்றை இழுத்துப் பிடித்து முதுகைச் சாய்க்கிறாள், காலை நீட்டுகிறாள். தலை பின்னே, கால் முன்னே என்று உடல் ஒரு திசையில் சுழல்கிறது. கிளையை மையமாக வைத்துப் பார்த்தால், அந்தக் குறுகிய நேரத்தில் மொத்தக் கோண உந்தம், அதாவது சுழற்சியின் மொத்தக் கணக்கு, அவ்வளவாக மாறாது. ஆகவே ஈடுகட்ட அவள் முழு உடலும் எதிர்த்திசையில் சற்று நகர்ந்தாக வேண்டும், அதாவது இன்னும் கொஞ்சம் பின்னே, இன்னும் கொஞ்சம் மேலே. முன்கோடியில் நிமிர்ந்து காலை மடக்கும்போது இதுவே மறுபக்கமாக நடந்து, அவளை இன்னும் முன்னே ஏற்றுகிறது.

இந்த முறையின் பெரிய பலம், அசையாமல் தொங்கும் ஊஞ்சலிலும் அது வேலை செய்யும் என்பது. யாரும் தள்ளிவிட வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு வீச்சிலும், அதாவது ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போகும்போது, கூடுவது ஏறக்குறைய ஒரே அளவுதான். கணக்குக்கு 2 பாகை என்று வைத்துக்கொண்டால், 10 பாகையில் ஆடும்போதும் 2 கூடும், 40 பாகையில் ஆடும்போதும் அதே 2.

அண்ணன் செய்வது வேறு. கோடியில் குந்துகிறான், ஊஞ்சல் அடிக்கு வரும்போது விறைப்பாக எழுகிறான். அடியில் வேகம் அதிகம், உடலை வெளிப்புறமாக இழுக்கும் விசையும் அதிகம். எடையோடு அதையும் எதிர்த்து எழ வேண்டும் என்பதால் அவன் தொடை செய்யும் வேலை கூடுகிறது. கோடியில் அந்த இழுப்பு இல்லை, குந்துவதில் திரும்பிப் போவது குறைவு. மிச்சம் முழுவதும் ஊஞ்சலிலேயே தங்குகிறது. ஊஞ்சல் அசையாமல் இருந்தால் எழுவதற்கும் குந்துவதற்கும் கணக்கு நேராகிவிடும், மிச்சம் ஒன்றும் இராது. தங்கை புகார் சொன்னது இதைத்தான். ஆனால் ஆட்டம் பிடித்துவிட்டால், ஏற்கெனவே இருக்கும் ஆற்றலில் ஒரு பங்கு ஒவ்வொரு வீச்சிலும் கூடும். வட்டிக்கு வட்டி போல.

அந்தப் பங்கு எவ்வளவு என்பது கயிற்றின் நீளத்தைப் பொறுத்தது. மாமரத்துக் கயிறு 5 மீட்டர். குந்தும்போது அவன் உடலின் நிறைமையம் (மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி) கிளையிலிருந்து சுமார் 4.6 மீட்டர், எழும்போது 4.3 என்று வைத்துக்கொள்வோம். முதலாவதை இரண்டாவதால் வகுத்து, அந்த விகிதத்தை அதனாலேயே பெருக்கி மும்மடியாக்கினால் வருவதுதான் ஒரு வீச்சின் ஆற்றல் பெருக்கம்: உராய்வை விட்டுவிட்டால் சுமார் 22 விழுக்காடு. தாமான் விளையாட்டுத் திடலில் சங்கிலி 2.2 மீட்டர் என்றால் அதே பையனுக்கு 1.8, 1.5. பெருக்கம் 73 விழுக்காடு! குட்டை ஊஞ்சலில் நின்று ஆடினால் மளமளவென்று ஏறுவதற்கு இதுதான் காரணம்.

எடை இதில் வராது. ஓர் ஆட்டத்துக்கு ஆகும் நேரத்திலும் வராது. உட்கார்ந்த நிலையில் இருவரையும் தனித்தனியே 10 ஆட்டம் ஆடவிட்டுக் கைப்பேசியில் அளந்தேன். இருவருக்கும் 44 விநாடிதான்.

1998இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் விர்கஸ், ரிச்சர்ட் ராண்ட், ஆண்டி ருய்னா மூவரும் இரண்டு முறைகளையும் கணிதத்தில் எடைபோட்டார்கள். வீச்சு சிறிதாக இருக்கும்வரை உட்கார்ந்து ஆடுவதே மேல், பெரிதானபின் நிற்பது மேல் என்று கண்டார்கள். உட்கார்ந்து ஆடுவதிலும் நுணுக்கம் உண்டு. 2023இல் ஜப்பானின் சியாகி ஹிராட்டா குழுவினர், தொடக்கத்தில் முழுச்சாய்வு நடுவழியில் வருவதே நல்லது, உயரம் கூடக்கூட அது பின்கோடியை நோக்கி முன்கூட்டியே வர வேண்டும் என்று காட்டினார்கள். எந்தப் பிள்ளைக்கும் இதைச் சொல்லிக் கொடுத்தவர் இல்லை. உடம்பே கண்டுபிடித்துக்கொள்கிறது. எனக்கு இதைவிட அழகான செய்தி இல்லை.

உயரத்துக்கு நிற்பதே வழி என்பதற்கு எஸ்டோனியாவின் கீக்கிங் விளையாட்டு சாட்சி. 1990களில் அடோ கோஸ்க் உருவாக்கியது. கயிற்றுக்குப் பதில் இரும்புத் தண்டு, காலைப் பலகையோடு கட்டிக்கொண்டு நின்றபடி உந்தி, அச்சைச் சுற்றி முழு வட்டம் அடிப்பார்கள். தண்டு நீள நீளச் சிரமம் கூடும், காரணம் மேலே சொன்ன அதே விகிதம்தான். கயிற்றில் அந்த ஆசை வேண்டாம். கயிறு கிடைமட்டத்தைத் தாண்டினால் தொய்ந்து, ஆடுபவரை வெடுக்கென்று உலுக்கிவிடும்.

என் தீர்ப்பு: தாமான் திடலில் வளைகிற ரப்பர் பட்டை இருக்கை என்றால் உட்கார்ந்துதான் ஆட வேண்டும். அதில் நின்றால் கால் புரளும், கீழே சிமெண்டுத் தரை. பலகை ஊஞ்சல், கீழே மண் என்றால் பெரிய பிள்ளை நிற்கலாம்.

சண்டையும் அன்று சாயங்காலமே தீர்ந்தது. தங்கை பலகையில் உட்கார, அண்ணன் அவளுக்கு இருபுறமும் காலை ஊன்றி நின்றான். முதல் நாலைந்து வீச்சு அவள் வேலை. அதன்பின் கோடியில் அவள் சாய்ந்தாள், அடியில் அவன் எழுந்தான். ஒருவர் நேரத்தில் மற்றவர் குறுக்கிடவே இல்லை. மாங்கிளை கிறீச்சிட்டதும் நான்தான் "போதும், இறங்குங்க" என்று கத்தினேன்.