போஸ்ட்டை எடுக்கச் சொன்னால் உடனே எடுத்துவிடாதீர்கள்

ஹட்டன் டவுனில் ஒரு கம்பனியின் ஷோரூமில், தீபாவளிக்கு முதல் கிழமை ரைஸ் குக்கர் வாங்கினேன். நாலாம் நாளே அடியில் வயர் கருகி வீடெல்லாம் பிளாஸ்டிக் நாற்றம். கொண்டுபோனால், கவுண்டரில் இருந்த தம்பி கவிழ்த்துக்கூடப் பார்க்கவில்லை. "லயத்துக் கரண்ட் (தோட்டத்து வரிசை வீட்டுக் கரண்ட்) சரியில்லை அக்கா, வோல்டேஜ் ஏறி இறங்கும்." அதே கரண்டில்தான் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜும் டிவியும் ஓடுகின்றன. (2021 கடைசியில் இலங்கையில் கேஸ் சிலிண்டர்கள் வெடித்தபோதும் பழி முதலில் நம் வீட்டு ஹோஸ், ரெகுலேட்டர் மேல்தான் விழுந்தது.)

கருகிய இடத்தையும் சீரியல் நம்பரையும் படம் எடுத்து பேஸ்புக்கில் போட்டேன். ராத்திரிக்குள் நிறையப் பேர் ஷேர் பண்ணிவிட்டார்கள். விடிந்ததும் பேச்சே வேறு. "ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம், இன்பொக்ஸ் வாருங்கள்" என்று கொமென்ட். என் போஸ்ட்டின் கீழே புலம்பியிருந்த இன்னும் மூன்று பேருக்கும் எழுத்துப் பிசகாமல் அதே வரி. அப்புறம் மெனேஜர் போன்: "போஸ்ட்டை எடுத்துவிடுங்க மிஸ், புதுசு வீட்டுக்கே வரும்." எடுத்தேன். ஏமாந்தது அங்கேதான்.

"நாளைக்கு, நாளைக்கு" என்று இரண்டு கிழமை இழுத்து, ரிப்பன் கட்டிய பெட்டியோடு வேனில் வந்தார்கள். அம்மா கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். பின்னேரமே அந்தப் படம் கம்பனியின் பேஸ்புக் பக்கத்தில். ராத்திரி குக்கரைக் கவிழ்த்தால் அதே சீரியல் நம்பர்! வயர் மட்டும் புதுசு. கருகிய தடத்தின் மேல் வெள்ளைப் பெயின்ட், விரலில் ஒட்டியது. போன் எடுக்கவில்லை. அந்தப் பக்கத்தில் என்னை ப்ளொக் செய்துவிட்டார்கள்.

கொழும்பில் மார்க்கெட்டிங் படிக்கும் என் தம்பி இதைக் கேட்டுச் சிரித்தான். 1982ல் சிகாகோ பக்கம் யாரோ டைலனோல் என்ற வலி நிவாரணி கெப்சூல்களில் சயனைட் விஷம் கலந்து ஏழு பேர் இறந்தபோது, தன் தவறு இல்லாமலே அந்த மருந்துக் கம்பனியான ஜோன்சன் அன்ட் ஜோன்சன் சுமார் 3 கோடி போத்தல்களைத் திரும்ப எடுத்ததாம். அவனுக்குப் பாடமே அதுதானாம். இவர்கள் திரும்ப எடுக்க வைத்தது என் போஸ்ட்டை மட்டும்.

ஆகவே பொருளோ காசோ கைக்கு வந்து, சீரியல் நம்பரை ஒத்துப் பார்க்கும்வரை போஸ்ட் இருக்கட்டும். கொமென்ட்களை ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வையுங்கள், அவை காணாமல் போகும். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் போன் இலக்கம் 1977. முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். "நாளைக்கு, நாளைக்கு" என்பது அந்த நாட்களையும் தின்றுவிடும்.

நான் நேற்றுப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். அம்மாவின் படத்தையாவது பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்று தம்பியின் ஐடியிலிருந்து கேட்டோம். இன்னும் அங்கேதான் இருக்கிறது.