தளம் போட்ட வீட்டில் வைஃபை: மூன்று ஆண்டுப் பயன்பாட்டில் தெரிந்தது

1960இல் ஆலிக்ஸ், கரோல் என்று இரண்டு புயல்கள் அடுத்தடுத்து மொரீசியஸைப் புரட்டிப் போட்டன. அதன் பிறகுதான் இங்கே தகரமும் மரமும் ஒதுங்கி, காங்கிரீட் வீடுகள் பெருகின. கீழே பெற்றோர், மேலே மகன் குடும்பம், நடுவில் கம்பி கட்டி வார்த்த தளம். ரோஸ் ஹில்லானாலும் ஃபிளாக்கானாலும் இந்த அமைப்பைப் பார்க்கலாம். மாடியில் வைஃபை விட்டுவிட்டு வருவதற்கு முதல் காரணமும் அந்தத் தளம்தான். வைஃபை 5, 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைகளில் வரும். கீழே இருக்கும் ரௌட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை அந்தத் தளத்தில் பெரும்பாலும் நின்றுவிடும். 2.4 மேலே ஏறும், ஆனால் இளைத்துப்போய் ஏறும்.

லைன் கொடுத்த நிறுவனத்துக்குப் போன் போடும் முன் ஒன்று செய்யுங்கள். லேப்டாப்பில் இரண்டு சாளரம் திறந்து, ஒன்றில் ரௌட்டர் முகவரிக்கும் (பெரும்பாலும் 192.168.1.1) மற்றொன்றில் 8.8.8.8க்கும் (வெளியே உள்ள கூகுளின் முகவரி) தொடர்ந்து பிங் (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்க்கும் கட்டளை) ஓட விடுங்கள். ரௌட்டருக்கே பதில் தாமதமானால், விட்டுப்போனால், கோளாறு வீட்டுக்குள். ரௌட்டர் சரியாகப் பதில் சொல்லி, வெளியே மட்டும் அறுந்தால் லைனில். ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு (ஃபைபரில் ஒளி வரவில்லை என்று சொல்வது) சிவப்பாக எரிந்தால் அலமாரிக்குப் பின்னால் மெல்லிய ஃபைபர் வயர் மடங்கியிருக்கிறதா பாருங்கள். 6 செ.மீ. விட்டத்துக்குக் குறைவான வளைவு அதற்கு ஆகாது.

வைஃபையை வாங்கித் திரும்ப ஒலிபரப்பும் ரிப்பீட்டரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்: வாங்காதீர்கள். மலிவானவை ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். அதையும் சிக்னல் செத்த மாடி அறையிலேயே மாட்டுகிறார்கள். கெட்டுப்போன சிக்னலைத் திரும்ப ஒலிபரப்பி என்ன பயன்? கேபிள் இல்லாத மெஷ் (ஒன்றோடொன்று பேசி ஒரே வைஃபையாக இயங்கும் பெட்டிகள்) கொஞ்சம் தேவலாம், மாடிப்படித் திருப்பத்தில் வைத்தால் மட்டும்.

நிலைத்து நின்றது கேபிள் வழிதான். கீழ் ரௌட்டரிலிருந்து வெளிச்சுவர் வழியாக மாடிக்கு ஒரு கேட்-6 நெட்வொர்க் கேபிள், அதன் முனையில் பழைய ரௌட்டர். அந்தப் பழையதில் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, டிஹெச்சிபியை (போன், லேப்டாப்புக்கெல்லாம் முகவரி கொடுக்கும் வேலையை) நிறுத்தி, கேபிளை வான் (WAN, வெளி லைனுக்கானது) துளையில் அல்லாமல் லான் (LAN, வீட்டுக்குள்ளானது) துளையில் செருக வேண்டும். டிஹெச்சிபியை நிறுத்த மறந்தால் வீட்டில் இரண்டு ரௌட்டரும் முகவரி கொடுக்கத் தொடங்கும். சில போன்களுக்கு மட்டும் நெட் வராது, ஏனென்று புரியாது. இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். 2.4இல் கீழே சேனல் 1, மேலே 11, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 5இல் 36 முதல் 48க்குள் வையுங்கள். 52 முதல் 144 வரையுள்ள சேனல்களில் ரேடார் சாயல் தெரிந்தால் ரௌட்டர் அந்தச் சேனலை விட்டு விலகியாக வேண்டும். ஒரு நிமிடம் வைஃபை காணாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிள் மாயேபூர் போன்ற கடலோர ஊர்களின் உப்புக் காற்றுக்குத் தாங்காது. முழுச் செம்பு, வெயில் தாங்கும் கறுப்பு உறை கேட்டு வாங்குங்கள். சுவரில் போடும் துளை வெளிப்பக்கம் சரிந்திருக்கட்டும்; நுழையுமிடத்தில் கேபிளைக் கொஞ்சம் தொங்கவிட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். மூன்றாம் வகுப்புப் புயல் எச்சரிக்கை வந்தாலோ இடி முழங்கினாலோ இரு முனையையும் கழற்றி வையுங்கள்.

வேகம் திடீரென்று 100 மெகாபிட்டுக்குள் அடங்கிவிட்டால் ரௌட்டரைத் திட்ட வேண்டாம். ஆயிரம் மெகாபிட்டுக்குக் கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பியும் வேண்டும். நூறுக்கு 1, 2, 3, 6ஆம் கம்பிகள் போதும். மீதி நான்கில் ஒன்று போய்விட்டது என்று அர்த்தம். பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், பொன்னிறப் பின்களின் நுனியில் பச்சையாகப் பொடி படிந்திருக்கும். துடைத்தால் ஒரு வாரம் ஓடும். வெட்டிப் புது பிளக் போடுவதே வழி.

அடிக்கடி தானாக ரீஸ்டார்ட் ஆகும் ரௌட்டரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது அடாப்டரை. அதே வோல்ட், அதே அல்லது கூடுதல் ஆம்பியர், அதே முனைத் திசை (பிளக்கின் நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்பது) பார்த்து மாற்றுங்கள். கேபிள் போடும்போதே இரு முனையிலும் 30 செ.மீ. மிச்சம் சுருட்டி வைத்துவிடுங்கள், பச்சை பிடித்த முனையை வெட்ட வெட்ட நீளம் குறையும்.