கம்பெனி பெல்ட்டா, ரேஸ் ஹார்னஸா?

ரேஸ் காரின் ஹார்னஸில் ஆறு பட்டை, நம் காரில் கம்பெனியே மாட்டித் தரும் சீட் பெல்ட்டில் மூன்றே முனை. அப்படியானால் ஆறுதான் பத்திரம் என்று எண்ணிப் பலர் கம்பெனி பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஹார்னஸ் மாட்டுகிறார்கள். பட்டையை எண்ணி முடிவெடுக்கும் விஷயமல்ல இது.

1959-ல் வோல்வோ பொறியாளர் நில்ஸ் போலின் கொண்டுவந்த மூன்று முனை பெல்ட் இன்று வெறும் பட்டையாக இல்லை. மோதிய கணத்தில் ப்ரீடென்ஷனர் அதை வெடுக்கென்று இழுத்து இறுக்குகிறது. நெஞ்சில் அழுத்தம் எல்லை மீறும்போது லோட் லிமிட்டர் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது. முன்னே வரும் தலையையும் மார்பையும் ஏர்பேக் வாங்கிக்கொள்கிறது. மூன்றும் ஒரே கணக்கில் அமைந்தவை.

ஹார்னஸ் விட்டுக்கொடுக்காது. இரு தோளும் சீட்டோடு கட்டுண்டு கிடக்க, தலை மட்டும் பாய்கிறது. சுமை முழுவதும் கழுத்தில். 2001 டேடோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்றில் அமெரிக்கப் பந்தய வீரர் டேல் எர்ன்ஹார்ட் இறந்தது மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்துதான். ஹெல்மெட்டைத் தோளோடு பிணைக்கும் ஹான்ஸ் கருவி அவரிடம் இல்லை. ஃபார்முலா ஒன்றில் 2003 முதல் அது கட்டாயம். ஹெல்மெட்டும் ஹான்ஸும் மாட்டிக்கொண்டு யார் ஆபீஸ் போகிறார்கள்?

கார் உருண்டால் இன்னொரு ஆபத்து. மூன்று முனை பெல்ட்டில் உடம்பு பக்கவாட்டில் சாய வழியுண்டு. ஹார்னஸ் நிமிர்த்தியே வைத்திருக்கும். கூரையைத் தாங்கும் குழாய்க் கூண்டு (ரோல் கேஜ்) இல்லாத காரில் நசுங்கும் கூரை நேரே தலைமேல்.

இரண்டுக்கும் நடுவே, கம்பெனி சீட்டில் மாட்டும் நாலு முனை ஹார்னஸை நான் அறவே வேண்டாம் என்பேன். தோள் பட்டைகள் இடுப்புப் பட்டையை மேலே இழுக்க, அது இடுப்பெலும்பை விட்டு வயிற்றில் ஏறும். உடம்பு அடியில் நழுவும். அதைத் தடுக்கத்தான் ஆறு முனையில் கால்களுக்கிடையே பட்டை வைத்தார்கள். தோள் பட்டையைப் பின்சீட் தரையில் கட்டினால், மோதும்போது முதுகுத்தண்டையே கீழ்நோக்கி அழுத்தும்.

ட்ராக்கில் ஹார்னஸுக்கு நிகரில்லை. சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கின் வளைவுகளில் உடம்பு சறுக்காமல் சீட்டோடு நிற்கும்; ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. ஆனால் உடம்பை இருபுறமும் அணைத்துப் பிடிக்கும் பக்கெட் சீட், ரோல் கேஜ், ஆறு முனை, ஹான்ஸ் எல்லாம் சேர்ந்தே வர வேண்டும். வாங்கும்போது சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் 8853-2016 முத்திரையையும் அதிலுள்ள காலாவதி ஆண்டையும் பாருங்கள்.

ரோட்டில் என் ஓட்டு கம்பெனி பெல்ட்டுக்கே. சந்திப்பில் குனிந்து எட்டிப் பார்க்கலாம். விபத்தில் மயங்கிக் கிடந்தாலும், ஓடிவருகிற எவருக்கும் அந்தச் சிவப்புப் பட்டன் தெரியும். ஒரே காரை ரோட்டுக்கும் ட்ராக்குக்கும் வைத்திருப்பவர்கள் ரோல் கேஜ் போடும்போதும் கம்பெனி பெல்ட்டைக் கழற்ற வேண்டாம். ஆனால் கேஜ் குழாய் தலைக்கருகே இருக்கும் காரை ஹெல்மெட் இல்லாமல் ரோட்டில் ஓட்டுவதும் ஆபத்து. முடிந்தால் ட்ராக்குக்குத் தனிக் கார் வையுங்கள்.