நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பலுக்கு ஏஜென்டிடம் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

எங்கள் அப்பாவுக்கு எழுபத்து மூன்று வயது. ஏழு வயது வரை யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். தாத்தா அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்தார். 1958 வாக்கில் கடையை விட்டுவிட்டு, தலைமன்னாரில் கப்பல் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, ரயில் பிடித்து ஊர் வந்து சேர்ந்த குடும்பம். 1964 புயலில் அந்தத் தனுஷ்கோடியே இல்லாமல் போய்விட்டது. "ஒரு தடவை அந்தத் தெருவைப் பாத்துட்டு வந்துரணும்ல" என்று அப்பா சொல்லாத வருஷம் கிடையாது. விமானம் ஏற மாட்டார். நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துப் பக்கம் இருக்கிற காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்ட செய்தி வந்ததிலிருந்து அவருக்கு வேறு பேச்சே இல்லை.

இங்கே திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு டிராவல்ஸ் கடை. பெயர் போடவில்லை, வழக்கு நடக்கிறது. விசாரிக்கப் போன அன்றே அந்த ஆள் சொன்னது, "நாகப்பட்டினம் எதுக்கு அண்ணாச்சி, தூத்துக்குடியிலேயே ஏத்தி விடுதேன். கொழும்புக் கப்பல் அடுத்த மாசம் ஆரம்பிக்காங்க." நம்பினேன். எங்கள் பக்கத்தில் கொழும்புக் கப்பல் என்றால் எல்லோருக்கும் ஒரு பிடிப்பு உண்டு. வ.உ.சி. காலியா, லாவோ கப்பல்களை ஓட்டியது அந்த வழியில்தான். 2011 ஜூனிலும் ஸ்கோஷியா பிரின்ஸ் என்ற கப்பல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போனது, அந்த வருஷம் முடியுமுன்னே நின்றும் போனது. மறுபடி விடுகிறார்கள் என்று யாராவது சொன்னால் கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. அந்தச் சந்தோஷத்தை வைத்துத்தான் பிடிக்கிறார்கள்.

பத்தாயிரம் ரொக்கமாகக் கொடுத்தேன். ரெண்டு வாரம் கழித்து, "தூத்துக்குடி தள்ளிப் போச்சு, நாகப்பட்டினத்துலயே போட்டுட்டேன், நவம்பர் 22" என்றார். அங்கேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். எனக்கும் அப்பாவுக்கும் போகவர டிக்கெட், விசா அனுமதி, தங்கும் அறை எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய் என்று கணக்கு. மீதி 28,000-ஐ ஜிபேயில் அனுப்பச் சொன்னார். எண்ணைப் போட்டால் கடைப் பெயர் வரவில்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. "மச்சான் நம்பர்தான், அனுப்புங்க" என்றார். அனுப்பிவிட்டேன்.

நவம்பர் மழைக்காலமாயிற்றே என்று கேட்காமல் இல்லை. "பெரிய கப்பல் அண்ணாச்சி, மழையெல்லாம் அதுக்கு ஒண்ணும் இல்ல" என்றார். சுத்தப் பொய். 2023 அக்டோபர் 14 அன்று செரியபாணி கப்பலை வைத்து இந்தச் சேவையைத் தொடங்கி, ஒரே வாரத்தில் மழைக்காலத்தைக் காரணம் சொல்லி நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்ட் 16 அன்று சிவகங்கை கப்பலோடு மறுபடி ஆரம்பித்தது. கடல் கொந்தளிக்கும் வடகிழக்குப் பருவமழை நாட்களில் இந்த வழியில் கப்பலை நிறுத்தி வைப்பது புதிதே இல்லை. இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது பணம் போன பிறகு.

21-ஆம் தேதி ராத்திரி கார் பிடித்து, ராமநாதபுரம், தொண்டி வழியாக விடிய விடியப் போனோம். அப்பா புது வேட்டி கட்டியிருந்தார். மடியில் ஒரு பை, அதில் இரண்டு கிலோ அல்வா. தாத்தா கடைக்குப் பக்கத்து வீட்டு ஆட்கள் இன்னும் இருந்தால் கொடுக்க வேண்டுமாம். துறைமுக வாசலில் ஒரு ஆள் இல்லை, ஒரு வண்டி இல்லை. காவலாளியிடம் டிக்கெட்டை நீட்டினேன். கப்பல் படம் போட்ட கலர் காகிதம், மேலே டிராவல்ஸ் பெயர், கீழே கன்ஃபார்ம்டு என்று ரப்பர் ஸ்டாம்ப். அவர் டார்ச் அடித்து ஒரே பார்வை பார்த்தார். "பாஸ்போர்ட் நம்பரே இல்லையே சார். கப்பலும் மழை முடியிற வரைக்கும் கிடையாது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்பா ஒரு வார்த்தை என்னைக் கோபிக்கவில்லை. "சரி, இவ்வளவு தூரம் வந்தாச்சு, கடலையாவது பாப்போம்" என்றார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினோம். பை அவர் கையிலேயே இருந்தது.

கடைக்காரர் முதலில், "கப்பல் கம்பெனிதான் காசைத் திருப்பித் தரணும்" என்றார். கம்பெனிக்கு மெயில் போட்டுக் கேட்டேன். எங்கள் இருவர் பெயரிலும் எந்தப் பதிவும் இல்லை என்று பதில் வந்தது. நாகப்பட்டினத்துக்கும் அந்த ஆள் டிக்கெட்டே போடவில்லை! அதைக் காட்டிய பிறகு எட்டாயிரம் கொடுத்தார். மீதிக்கு இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்து, இப்போது போனே எடுப்பதில்லை.

இந்தக் கப்பலில் போக நினைக்கிறவர்கள் இடையில் ஆளே வைக்காதீர்கள். கப்பல் நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் நீங்களே பதிவு செய்யுங்கள். கடல் தாண்டினால் வேறு நாடு, பாஸ்போர்ட் விவரம் கேட்காமல் ஒருவர் டிக்கெட் தருகிறார் என்றால் அது டிக்கெட்டே இல்லை. இலங்கைக்கான விசா அனுமதியையும் அந்நாட்டு அரசுத் தளத்திலேயே எடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை திட்டமே போட வேண்டாம். மற்ற மாதங்களிலும் கிளம்புவதற்கு முந்தின நாள் கப்பல் உண்டா என்று கேட்டுவிட்டு வண்டி பிடியுங்கள்.

ஏமாந்துவிட்டால், ஆன்லைனில் போன பணத்துக்கு அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். நான் பன்னிரண்டு நாள் கழித்து அடித்தேன், பிரயோசனப்படவில்லை. நுகர்வோர் உதவிக்கு 1915. அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஜிபே ரசீது, அந்தக் கலர் காகிதம், கம்பெனியின் பதில் மெயில் மூன்றையும் வைத்து 30,000 ரூபாய்க்கு நான் போட்டிருக்கிறேன். ஜங்ஷன் பக்கம் கப்பல் டிக்கெட்டுக்கென்று இப்படிப் பணம் கொடுத்து நிற்கிறவர்கள் வேறு யாராவது இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், சேர்ந்தே போவோம்.